பதினாறு ஊர், பதினாறு பாட்டு: அல்சூர் மொட்டை மாடியில் ஒரு கச்சேரி டிவிடி

2009 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. பெங்களூரு அல்சூரில், ஏரிக்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மொட்டை மாடி அறையில் ஒன்பது பேர் சேர்ந்து அயர்ன் மெய்டன் குழுவின் 'ஃப்ளைட் 666' டிவிடியைப் போட்டுப் பார்த்தோம். முதல் தட்டில் ஆவணப்படம், இரண்டாவது தட்டில் கச்சேரி. முடிந்தபோது மணி ஒன்றரை. அதற்கப்புறம் பால்காரர் வரும்வரை வாக்குவாதம். யார் என்ன சொன்னார்கள் என்பதை மறுநாள் மத்தியானமே ஒரு பழைய டைரியில் எழுதி வைத்தேன்.

அந்தக் குறிப்புகளை இப்போது எடுத்து விரிவாக எழுதக் காரணம் உண்டு. லைவ் கச்சேரி வீடியோ எது வந்தாலும் ரசிகர்கள் நடுவே எழும் புகார்கள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு ராத்திரியில் எங்கள் அறையில் எழுந்தன. ஷாட் நிற்கவில்லை, சோலோ வாசிக்கும்போது கையைக் காட்டவில்லை, கூட்டத்தின் சத்தம் இயல்பாக இல்லை, எங்கள் ஊரைக் காட்டவில்லை. நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். மூன்று கேமராவில் எடுத்ததைக் கோத்து, தாலி ஏறும் நேரம் யார் முகத்தைக் காட்டுவது என்று முடிவெடுப்பது என் தினசரி வேலை. அதனால் அந்தப் புகார்கள் எனக்கு வெறும் ரசிகர் பேச்சாகப் படவில்லை. வாரா வாரம் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் என் மேஜைக்கு முன்னால் நின்று சொல்வதும் அதேதான்.

எதை வெளியிட்டார்கள்

லண்டனின் கிழக்குப் பகுதியில் 1975-இல் பாஸ் கிட்டார்காரர் ஸ்டீவ் ஹாரிஸ் ஆரம்பித்த குழு அயர்ன் மெய்டன். இந்தியாவில் அவர்கள் முதலில் வாசித்தது எங்கள் ஊரில்தான்: 2007 மார்ச் 17, பேலஸ் கிரவுண்ட்ஸ். அதற்கு முன்னால் அந்த அளவுக்குப் பெரிய ஹெவி மெட்டல் குழு, இன்னும் உச்சத்தில் இருக்கும்போதே, இந்த நாட்டுக்கு வந்ததில்லை. ஆர்.டி. நகரிலிருந்து ஷில்லாங் வரை எங்கெங்கிருந்தோ பையன்கள் வந்து இறங்கினார்கள். செம்மண் புழுதி மூக்கில் ஏறி மூன்று நாள் போகவில்லை.

மறு வருடம் 'சம்வேர் பேக் இன் டைம்' என்ற உலகப் பயணம். எண்பதுகளின் பாடல்களை மட்டும் பெரிதாக எடுத்துக்கொண்டு, 1984-85 காலத்து எகிப்து மேடை அமைப்பைத் திரும்பக் கட்டிப் போன பயணம் அது. ஒரு போயிங் 757 விமானத்தில் குழுவும் ஊழியர்களும் கருவிகளும் ஒன்றாக ஏறிக்கொள்ள, பாடகர் புரூஸ் டிக்கின்சனே விமானியாக ஓட்டிக்கொண்டு போனார். முதல் கட்டத்தில் 45 நாளில் 23 கச்சேரி. முதல் கச்சேரி 2008 பிப்ரவரி 1 அன்று மும்பை பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸில். கனடாவைச் சேர்ந்த சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன் என்ற இரண்டு இயக்குநர்கள் கூடவே போய்ப் படம் பிடித்தார்கள். அந்தப் படமும் கச்சேரியும் 2009 மே மாதக் கடைசியில் டிவிடியாகவும் ப்ளூ-ரேயாகவும் வந்தன.

எங்கள் வாக்குவாதம் முழுக்க அந்த இரண்டாவது தட்டைப் பற்றியது. ஒரு ஊரில் ஒரு ராத்திரி நடந்த கச்சேரி அதில் இல்லை. பதினாறு பாட்டு, பதினாறு ஊர். மும்பையில் 'ஏசஸ் ஹை' தொடங்கும். அடுத்த பாட்டு மெல்போர்ன், அதற்கடுத்தது சிட்னி, அப்புறம் டோக்கியோ. 'ஃபியர் ஆஃப் தி டார்க்' அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில். கடைசிப் பாட்டான 'ஹாலோட் பி தை நேம்' டொராண்டோவில். பாடல் வரிசை ஒரு முழுக் கச்சேரியின் வரிசைதான். ஆனால் அந்தக் கச்சேரியை அப்படியே முழுசாகப் பார்த்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை.

இதில் எங்களுக்கு ஒரு தனிக் கணக்கு இருந்தது. அதே பயணம் சுற்றித் திரிந்து 2009 பிப்ரவரி 15 அன்று பெங்களூருக்கும் வந்தது, அதே பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு. அறையில் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் அங்கே நின்றவர்கள். ஆனால் படப்பிடிப்பு 2008 மார்ச்சோடு முடிந்துவிட்டதால், டிவிடியில் பெங்களூர் கிடையாது. இந்தியாவில் முதலில் வாசித்த ஊர், இரண்டு தடவை வாசித்த ஊர், தட்டில் இல்லாத ஊர்.

அறை

டிவி 21 அங்குலம். அது போதாது என்று ஒருவர் அலுவலகத்திலிருந்து ப்ரொஜெக்டர் கேட்டு வாங்கி வந்தார். சுவரில் காரை உதிர்ந்திருந்ததால் என் அப்பாவின் எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து ஆணியில் மாட்டினோம். மேல்பக்கம் பச்சைக் கரை. அதனால் புரூஸ் டிக்கின்சன் மேடையின் மேல்தளத்தில் ஏறி ஓடும்போதெல்லாம் கரைக்குள் தலை மறையும்.

சத்தத்துக்கு மர்பி டவுனிலிருந்து மைக்செட் அண்ணன் இரண்டு பெட்டி கொண்டு வந்தார். ஆடி மாசம் மாரியம்மன் கோவிலுக்குக் கட்டுகிற பெட்டிகள். ஒன்றில் கோன் ஓரம் கிழிந்து ஃபெவிகால் தடவி ஒட்டியிருந்தது. கீழே வீட்டுக்காரர் அம்மா தூங்குவார் என்பதால் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றவில்லை. ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை அப்போது இன்னும் மூடித்தான் இருந்தது. இரண்டு மாசம் கழித்து ஆகஸ்டு 9-ஆம் தேதி திறந்தார்கள். பதினெட்டு வருஷமாக மூடியிருந்த சிலை எப்போது திறக்கும் என்ற பேச்சும் அன்றைக்கு நடுவில் வந்து போனது.

கருத்துகள்

முதலில் பேசியவர் மும்பை போன அண்ணன். கூரியர் அலுவலகத்தில் வேலை. 2008-இல் லீவு போட்டுவிட்டு உத்யான் எக்ஸ்பிரஸில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து போய்ப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பியவர். தட்டு ஓட ஆரம்பித்தது. பாட்டுக்கு முன்னால் போடுகிற வின்ஸ்டன் சர்ச்சிலின் போர்க்காலப் பேச்சு முடிந்து முதல் கிட்டார் விழுந்ததும் எழுந்து வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் விரலால் தொட்டுத் தேடினார். அவர் நிழல் பாதித் திரையை மறைத்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. பாட்டு முடிந்து 'மெல்போர்ன்' வந்ததும் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

அந்த ஒரு சொல்லில் இருந்த ஏமாற்றத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் நியாயத்தை எழுத முடியும். ஒரு கச்சேரிக்கு ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. முதல் பாட்டில் கூட்டம் முண்டியடிக்கும், மூன்றாவது பாட்டில் மூச்சு வாங்கும், ஐந்தாவதில் தண்ணீருக்கு அலையும், கடைசிப் பாட்டில் தொண்டை போயிருக்கும். பதினாறு ஊரிலிருந்து பாட்டு எடுத்தால் இது போய்விடுகிறது. பாட்டுக்குப் பாட்டு புதுக் கூட்டம் புதுத் தெம்போடு நிற்கிறது. யாருக்கும் வியர்வை கணக்கு ஏறுவதில்லை. "ஒரு ராத்திரியோட களைப்பு இதுல இல்ல" என்று அண்ணன் சொன்னதை டைரியில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாவது புகார் கே.ஜி.எஃப். தம்பியுடையது. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். மாதா கோவிலில் கிட்டார் வாசிப்பவன். அவனுக்கு ஊர், கூட்டம் எதுவும் பெரிசில்லை. கை தெரிய வேண்டும், அவ்வளவுதான். மெய்டனில் கிட்டார்காரர்கள் மூன்று பேர்: டேவ் மரே, ஏட்ரியன் ஸ்மித், ஜானிக் கெர்ஸ். ஒரே பாட்டில் சோலோ கைமாறும். யார் வாசிக்கிறார் என்று கேமராவுக்குத் தெரியவில்லை என்றால் அந்த இடம் பாழ். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது மிருதங்கக்காரரை விட்டுவிட்டு சும்மா உட்கார்ந்திருக்கும் வயலின்காரரைக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி. தம்பி அந்த ராத்திரி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் பின்னால் ஓட்டி, "பாருங்க, இங்க கையக் காட்டியிருக்கணும், மூஞ்சியக் காட்றாங்க" என்றான். அவன் காட்டிய இடங்களில் அவன் சொன்னது சரி. ஆனால் இதே குழுவின் முந்தைய வீடியோ ஒன்றோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை என்றும் அவனே ஒப்புக்கொண்டான்.

அந்த முந்தையது 'ராக் இன் ரியோ'. 2001 ஜனவரி 19, பிரேசில், இரண்டரை லட்சம் பேர் கூடிய திருவிழா என்று குழுவே சொல்கிற கச்சேரி. அதை ஸ்டீவ் ஹாரிஸ் தாமே உட்கார்ந்து எடிட் செய்தார். வெட்டு வெட்டாக ஓடுகிறது, ஒரு ஷாட்டும் நிற்பதில்லை என்பது ரசிகர்களிடம் ரொம்ப நாளாக இருக்கும் குறை. எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அந்த மனிதர் ஏன் அப்படி வெட்டினார் என்று ஒரு எடிட்டராக எனக்குப் புரியும். இத்தனை கேமரா, இத்தனை நல்ல ஷாட், எதையும் விட மனசு வராது. நானும் ஆரம்பத்தில் மூன்று மணி நேர முகூர்த்தத்தில் அப்படித்தான் செய்தேன். பாட்டிகள் தலைவலிக்கிறது என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மூன்றாவது, மைக்செட் அண்ணன் சொன்னது. இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு பாட்டு போனதும் கேட்டார்: "குரு, மும்பை மைதானம்தானே? நியூ ஜெர்சி மூடின அரங்கம்தானே? ரெண்டும் எப்படி ஒரே மாதிரி கேக்குது?"

கேள்வி மிகச் சரியானது. பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸ் திறந்தவெளி. பொகோட்டாவில் சிமோன் பொலிவார் பூங்கா, அதுவும் திறந்தவெளி. நியூ ஜெர்சியும் டொராண்டோவும் கூரை போட்ட அரங்கங்கள். திறந்தவெளியில் சத்தம் போனால் போனதுதான், காற்றடித்தால் பாதி பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். மூடின அரங்கில் சுவரில் மோதித் திரும்பி வந்து குழம்பும். இதை மைக்செட்காரரிடம் யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர் ஒரு நாள் தெருவில் மேடை கட்டுகிறார், மறுநாள் மண்டபத்தில் கட்டுகிறார்.

தட்டில் இந்த வித்தியாசம் தேய்ந்துபோனதற்குக் காரணம் கலவை. மேடையில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மைக், தனித்தனி டிராக். கூட்டத்துக்கு வேறு மைக். குழுவின் பல வருடத் தயாரிப்பாளர் கெவின் ஷெர்லி எல்லாவற்றையும் கலந்து ஒரே கச்சேரியாகக் கேட்கும்படி சமன் செய்திருக்கிறார். பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாறினால் வீட்டில் கேட்பவர் ரிமோட்டை விடவே முடியாது. ஆகவே அந்த வேலை தேவைதான். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் இருந்த காற்று அதில் போய்விட்டது.

இன்னொன்றும் நடக்கிறது. சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளிக் கூட்டத்துக்கு நடுவே ஒரு மைக் வைத்தால், அதில் டிரம் அடி பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதமாக விழும். வீடியோவில் விநாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப் படம், என்ற கணக்கில் இரண்டரை ஃப்ரேம். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு அடி கேட்கும். அதனால் கலவை செய்பவர் அந்த டிராக்கை முன்னால் இழுத்து ஒட்டுவார். நானும் மண்டபத்தில் கடைசி வரிசை மைக்கில் வந்த நாதஸ்வரத்தை இப்படித்தான் இழுத்து ஒட்டுகிறேன். காதுக்குச் சுத்தமாகிவிடும். கூடவே, அந்த மைக் எங்கே இருந்தது என்ற தகவலும் அழிந்துவிடும்.

அன்றைக்கு இது எனக்கு வெறும் தொழில் விவரமாகத்தான் தெரிந்தது.

தங்கச்சி சொன்னது

அறையில் ஒரே ஒரு பெண். எங்கள் நண்பர் ஒருவரின் தங்கை. கல்லூரியில் இரண்டாம் வருடம். அண்ணன் கூட இருக்கிறான், பக்கத்துத் தெரு, வேண்டுமென்றால் கூப்பிடு தூரம் என்று சொல்லித்தான் அன்றைக்கு அனுப்பி வைத்தார்கள். 2007-இலும் போக விடவில்லை, 2009-இலும் போக விடவில்லை. பிப்ரவரி 15 சாயங்காலம், நாங்கள் பேலஸ் கிரவுண்ட்ஸில் வரிசையில் நின்றபோது, அவள் வீட்டு மொட்டை மாடியில் நின்று அந்தத் திசையில் ஏதாவது கேட்குமா என்று காது கொடுத்திருக்கிறாள். அல்சூரிலிருந்து அங்கே நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். வண்டிச் சத்தம்தான் கேட்டதாம்.

நாங்கள் எல்லாரும் பேசி முடித்து, பதினாறு ஊர் என்ற யோசனையே தப்பு என்று கிட்டத்தட்டத் தீர்ப்பு எழுதிவிட்ட நேரத்தில் அவள் வாயைத் திறந்தாள். டைரியில் இருப்பது இது:

"நீங்க எல்லாரும் அதுல உங்களத் தேடுறீங்கண்ணா. இருந்த ஊர் வரல, நின்ன இடம் வரல, அதான் கோவம். நான் எங்கயும் நிக்கல. எனக்குப் பதினாறு ஊரும் ஒண்ணுதான். நான் பாட்டத்தான் பாத்தேன். எனக்கு நல்லா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவளே தொடர்ந்தாள். கச்சேரித் தட்டைவிட ஆவணப்படம்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. அதில் கொலம்பியாவில் ஒரு ரசிகர். கச்சேரி முடிந்து, டிரம்மர் நிக்கோ மெக்பிரெயினின் குச்சி ஒன்று அவர் கைக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், பேச்சே வரவில்லை. கேமரா அவர் முகத்தை விட்டுப் போகவில்லை. "அந்த ஒரு ஆளு போதும்ணா. அந்த ஊர்ல எத்தன பேர் வந்தாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

மும்பை அண்ணன் இதற்குப் பதில் சொல்லவில்லை. கே.ஜி.எஃப். தம்பி மட்டும், "அப்ப உனக்குக் கச்சேரின்னா என்னன்னு தெரியாதும்மா" என்றான். அது தப்பான பேச்சு. அன்றைக்கே அவனிடம் சொன்னேன், இங்கேயும் பதிவு செய்கிறேன். டிக்கெட் வாங்கி மண்ணில் நின்றவர்தான் ரசிகர், மற்றவருக்குக் கருத்து சொல்ல உரிமை குறைவு என்ற எண்ணம் எங்கள் வட்டத்தில் இருந்தது. பெண்களை வீட்டில் நிறுத்தி வைத்துவிட்டு, அப்புறம் அங்கே இல்லாததை ஒரு குறையாக அவர்கள் மேலேயே போட்டோம். ஒரு லைவ் வீடியோ யாருக்காக வருகிறது? நின்றவருக்கு அது நினைவூட்டல். நிற்க முடியாதவருக்கு அதுதான் கச்சேரி. இரண்டாவது ஆளின் தீர்ப்பை ஓரத்தில் வைத்துவிட்டு எந்தத் தட்டையும் எடை போட முடியாது.

அவள் சொன்னதை ஒட்டி நான் இன்னொன்றையும் யோசித்தேன். ஒரே ராத்திரி என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கிறோமே, மற்ற வீடியோக்கள் எல்லாம் அப்படியா? இதே குழுவின் 'மெய்டன் இங்கிலாந்து' 1988 நவம்பர் 27, 28 என்று பர்மிங்ஹாமில் இரண்டு ராத்திரி எடுத்தது. இரண்டு நாளில் நல்லதைப் பொறுக்கிச் சேர்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். நான் செய்கிற கல்யாணத் தட்டிலும் ரிசப்ஷனில் சிரித்த முகத்தை முகூர்த்தப் பாட்டுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அந்த வகையில் 'ஃப்ளைட் 666' நேர்மையான வேலை. பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் ஊர்ப்பெயரைப் போட்டிருக்கிறார்கள். தையல் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் சட்டையைக் கொடுக்கிறார்கள். இதை மறைத்து ஒரே கச்சேரி மாதிரி விற்றிருந்தால் நான் முதல் ஆளாகத் திட்டியிருப்பேன்.

இருந்தாலும் மும்பை அண்ணனின் "அவ்வளவுதானா?" என் மனசை விட்டுப் போகவில்லை. தங்கச்சி சொன்னது நியாயம் என்றால் இவருடையதும் நியாயம்தான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி நியாயமாக இருக்க முடியும் என்பது விளங்க எனக்கு ஒரு வேலை செய்து பார்க்க வேண்டியிருந்தது.

ஏழு ஃப்ரேம்

பெங்களூர் கச்சேரிக்குத் தட்டு இல்லை என்ற ஆதங்கத்தில், நாங்களே ஒரு பாட்டைக் கோத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். யாருக்கும் விற்கவோ எங்கும் போடவோ அல்ல, எங்களுக்கு மட்டும். பிப்ரவரி 15 அன்று ஃபோனில் எடுத்த க்ளிப்புகளைக் கேட்டு வாங்கினேன். 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாட்டுக்கு நாலு பேரிடமிருந்து மொத்தம் ஏழு துண்டு கிடைத்தது. எல்லாம் பழைய ஃபோன்களில் பதிவாகும் 3GP வகைக் கோப்புகள். தபால்தலை அளவு படம், விநாடிக்குப் பதினைந்து ஃப்ரேம், சத்தம் தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல. மேடை விளக்கு ஒரு வெள்ளைத் திட்டு, அதற்கு முன்னால் தூக்கிய கைகள். அவ்வளவுதான் தெரியும்.

டிரம் அடியை வைத்து ஏழையும் டைம்லைனில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினேன். சத்தம் பொருந்திவிட்டது. ஆனால் படம் பொருந்தவில்லை. மேடை விளக்கு நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் ஒரு இடம். முன்வரிசையில் நின்றவனின் க்ளிப்பில் சரியாக அடிக்கு மாறுகிறது. இன்னொருவனின் க்ளிப்பில் அடி விழுவதற்கு முன்பே மாறிவிடுகிறது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று திரும்ப வாங்கிப் பார்த்தேன். அதே கதைதான்.

ராத்திரி இரண்டு மணிக்கு, டீ போட எழுந்தபோது புரிந்தது. வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் நடந்து வர வேண்டும். பின்னால் நின்றவனுக்குச் சிவப்பு முதலில் தெரியும், அடி அப்புறம் கேட்கும். நான் எல்லாருடைய அடியையும் ஒரே இடத்தில் இழுத்து ஒட்டியதால், அவனுடைய சிவப்பு முன்னால் போய்விட்டது. எத்தனை ஃப்ரேம் முன்னால் என்று எண்ணினேன். என் டைம்லைன் 25 ஃப்ரேம் கணக்கு. ஏழு. விநாடியில் 0.28. மீட்டரில் சுமார் 95.

மறுநாள் காலை அவனுக்கு ஃபோன் போட்டு, "நீ மேடையிலிருந்து நூறு மீட்டர் கிட்ட நின்னியா?" என்று கேட்டேன். சவுண்ட் கன்ட்ரோல் கூடாரத்துக்குப் பின்னால், குடிதண்ணீர் விற்ற இடத்துக்குப் பக்கத்தில் என்றான். எனக்கெப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டான். மட்டமான ஃபோனில் சத்தமும் படமுமே ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகியிருக்கும் என்பதால் கணக்குத் தோராயமானதுதான். ஆனாலும் அந்தக் கேவலமான க்ளிப்புக்குள் அவன் நின்ற இடம் பத்திரமாக இருந்தது.

அப்போதுதான் மைக்செட் அண்ணனின் கேள்வியும் மும்பை அண்ணனின் ஏமாற்றமும் ஒன்று என்று எனக்குப் பட்டது. சுத்தமாகக் கலந்த தட்டில் எல்லா மைக்கும் ஒரே புள்ளிக்கு இழுத்து ஒட்டப்பட்டிருக்கிறது. கேட்பவர் யாராக இருந்தாலும் அந்தப் புள்ளியில்தான் நிற்கிறார். மைதானத்தில் எந்த மனிதரும் நிற்காத இடம் அது. எங்கேயும் நிற்காத தங்கச்சிக்கு அது நல்ல இடம், இருக்கிறதிலேயே நல்ல இடம். பாந்த்ராவில் இடதுபக்கத் தடுப்புக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் நசுங்கி நின்றவருக்கு, அவர் இடத்தைப் பிடுங்கிக்கொண்டது போல இருக்கும். பதினாறு ஊராக இல்லாமல் மும்பை மட்டும் முழுசாக வந்திருந்தாலும் அவருக்கு அந்தக் குறை கொஞ்சம் இருந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அதற்கப்புறம் என் தொழிலில் ஒரு மாற்றம் செய்தேன். கல்யாணத் தட்டு முடித்துக் கொடுக்கும்போது, ஒரு கேமராவை மட்டும் வெட்டாமல், சத்தத்தைத் தொடாமல், முகூர்த்த நேரத்து அரை மணியைத் தனிக் கோப்பாகச் சேர்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் கடைசி வரிசைக் கேமரா. குழந்தை அழும், யாரோ இருமுவார்கள், கெட்டிமேளம் ஒரு துளி தாமதமாக வரும். காசு வாங்குவதில்லை. சில வீடுகளில் அந்தக் கோப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

பிறகு வந்தவை

2012-இல் 'என் விவோ' வந்தது. 2011 ஏப்ரல் 10, சிலியின் சாந்தியாகோ, ஒரே ஊர், ஒரே ராத்திரி. மும்பை அண்ணன் கேட்ட மாதிரியே. ஆனால் திரையை இரண்டாக மூன்றாகப் பிரித்துக் காட்டும் வேலை அதில் நிறைய. எங்கள் கூட்டத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அதற்குள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டதால் சேர்ந்து பார்க்கவும் இல்லை.

கே.ஜி.எஃப். தம்பி இப்போது கனடாவில் இருக்கிறான், டொராண்டோவுக்குப் பக்கம். தட்டில் கடைசிப் பாட்டு அந்த ஊர்தான் என்று அவனே ஒரு முறை ஃபோனில் ஞாபகப்படுத்தினான். மைக்செட் அண்ணன் தொழிலை மகனிடம் கொடுத்துவிட்டார். கோன் ஒட்டின பெட்டி இன்னும் ஓடுகிறது.

போன தீபாவளிக்குத் தங்கச்சி குடும்பத்தோடு அல்சூர் வந்திருந்தாள். ஒயிட்ஃபீல்டில் வேலை, ஆறு வயதில் ஒரு மகள். பேச்சுவாக்கில் அந்த ஏழு க்ளிப் விஷயம் வந்தது. அவளுக்கு அதை நான் காட்டியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, கம்ப்யூட்டரில் ப்ராஜெக்டைத் திறந்தேன். ஏழு துண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக, விளக்கு மாறும் இடத்தில் நான் போட்ட குறிகளோடு அப்படியே இருந்தன. முன்வரிசைக்கு ஒரு ஃப்ரேம்கூட இல்லை. கடைசி ஆளுக்கு ஏழு. நடுவில் இரண்டு, மூன்று, நாலு.

அவள் ஒவ்வொன்றாகத் தனியாகப் போடச் சொல்லிக் கேட்டாள். முன்வரிசையில் சத்தம் உடைந்து ஒன்றும் விளங்கவில்லை. நாலாவதில் பக்கத்தில் யாரோ தமிழில் கத்துகிறார்கள். ஏழு ஃப்ரேம் க்ளிப்பில் பாட்டு தூரத்தில் கேட்கிறது, கூட்டம் மெட்டை இழுத்துப் பாடுவது அதைவிடத் தெளிவாகக் கேட்கிறது. அதை இரண்டு தடவை போடச் சொன்னாள். மகளை மடியில் ஏற்றிக்கொண்டு, திரையில் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"விட்டிருந்தா, நான் இங்கதாண்ணா நின்னிருப்பேன். தண்ணிக் கடைக்குப் பக்கத்துல."